ஓட்டுக் கூரையை மாற்ற என்ன செலவாகும்?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. வீட்டின் கூரையை மாற்ற முற்படும் விவசாயிகளுள் பலர் இம்முதுமொழியை மறந்துவிடுகின்றனர். ஓடு ஒன்று என்ன விலை என்று விசாரிக்கின்றனர், உத்தேசமாக ஒரு தொகையை மனத்தில் கொள்கின்றனர், வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். பழைய ஓடுகளை இறக்கிய பின்னரே கைமரம் உளுத்திருப்பது தெரிகிறது. கைப்பணம் தீர்ந்துவிடுகிறது, கூரையோ திறந்து கிடக்கிறது. வானம் இருண்டால், கேட்ட வட்டிக்குக் கடன் வாங்குவதைத் தவிர வேறு வழி இராது. பள்ளிக்கூடம், நூலகம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கும் இந்நிலை ஏற்படுவதுண்டு.

கூரையின் செலவு ஓட்டின் விலையில் மட்டும் அடங்கியதன்று. கூரையின் பரப்பு, ஓட்டின் அடியிலுள்ள மரம், வேலையாட்களின் கூலி, முகட்டு ஓடு முதலிய சில்லறைப் பொருள்கள் ஆகிய நான்கும் சேர்ந்ததே அச்செலவு. இந்நான்கையும் பழைய கூரையைத் தொடுவதற்கு முன்பே கணக்கிட இயலும். அம்முறையை இங்கு விளக்குவோம்.

1. மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

ஒழுக்குள்ள கூரை அனைத்தையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. மழை பெய்யும்போது வீட்டினுள் நின்று, ஒழுகும் இடங்களைக் கரியால் குறித்துக்கொள்ள வேண்டும். ஒழுக்கு ஓரிரு இடங்களில் மட்டும் இருப்பின், உடைந்த ஓடுகளை மாற்றினாலே போதும். முகட்டு ஓரத்தில் மட்டும் ஒழுகினால், முகட்டு ஓட்டின் சாந்து வெடித்திருக்கும். அதைப் புதுப்பித்தால் போதும். கூரை நடுவில் தொய்ந்திருந்தாலோ, ஓடுகள் வரிசை தவறி வளைந்து காணப்பட்டாலோ, குறை ஓட்டில் இல்லை; மரத்தில் இருக்கிறது. அத்தகைய கூரைக்குப் புதிய ஓடு வாங்கி வேய்வது, நோய் ஓரிடம் இருக்க மருந்தை வேறிடம் தடவுவதை ஒக்கும்.

2. சதுரக் கணக்கு

நம் நாட்டுக் கொத்தனார்கள் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பர். அமெரிக்க நாட்டில் பெரும்பாலான வீடுகளின் கூரையில் ஓட்டுக்குப் பதிலாகத் தார் தோய்ந்த மெல்லிய பட்டைகளைப் பதிக்கின்றனர். அங்கும் 100 சதுர அடியே ஒரு சதுரம். கூரைச் செலவையும் சதுரக் கணக்கிலேயே பேசுகின்றனர். பொருள் வேறாயினும் அளவு ஒன்றே.

இங்குதான் முதற்பிழை நேர்கிறது. பலர் வீட்டின் தரைப் பரப்பைக் கூரையின் பரப்பாகக் கொள்கின்றனர். கூரை சாய்ந்திருப்பதாலும், சுவருக்கு வெளியே இறவாணம் நீண்டிருப்பதாலும், கூரையின் பரப்பு எப்போதும் தரையைவிட அதிகமாகவே இருக்கும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு வீட்டின் வெளி நீளம் 30 அடி. அகலம் 20 அடி. தரைப் பரப்பு 600 சதுர அடி, அதாவது 6 சதுரம். முன்னும் பின்னும் இறவாணம் 2 அடி நீள்கிறது. முகடு வரை உயர்ந்த பக்கச் சுவர்களுக்கு வெளியே கூரை ஒவ்வொரு புறமும் 1 அடி நீள்கிறது. இறவாண மட்டத்திலிருந்து முகடு 7 அடி உயரம். முகட்டிலிருந்து இறவாணத்தின் நுனி வரை சாய்வாக நாடா பிடித்து அளந்தால் ஏறத்தாழ 14 அடி வரும்.

கூரையின் நீளம்: 30 + 2 = 32 அடி.
ஒரு பக்கத்துப் பரப்பு: 32 × 14 = 448 சதுர அடி.
இரு பக்கமும் சேர்த்து: 896 சதுர அடி, ஏறத்தாழ 9 சதுரம்.

தரை 6 சதுரம். கூரை 9 சதுரம். தரையை மட்டும் அளந்து பணம் திரட்டியவருக்கு மூன்றில் ஒரு பங்குக் கூரைக்குப் பணம் இராது. ஆகையால், ஏணி வைத்துச் சாய்வை நேரில் அளப்பது இன்றியமையாதது.

3. ஓடுகளின் எண்ணிக்கை

நாம் சீமை ஓடு என்று கூறும் மங்களூர் ஓட்டை, 1865ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை நிறுவிச் செய்யத் தொடங்கினர். பின்னர் இவ்வகை ஓடு தென்னாடெங்கும் பரவிற்று. சாதாரண அளவுள்ள ஓடாயின் ஒரு சதுரத்திற்கு 140 முதல் 150 வரை தேவைப்படும். 145 என்று கொண்டால் மேற்கூறிய கூரைக்கு 1,305 ஓடுகள் வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் உடைவதற்காக நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,370 ஆகும். முகட்டு ஓட்டை அடிக்கு ஒன்று வீதம் 32 என்று கொள்ளலாம்.

இத்தனையும் புதிதாக வாங்க வேண்டுமென்பதில்லை. பழைய ஓட்டை இறக்கியவுடன் துடைத்து, விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலிப்பது நல்ல ஓடு. மொத்தென்று ஒலிப்பது கீறல் விழுந்தது. அதை ஒதுக்கிவிட வேண்டும். 900 ஓடுகள் தேறினால், புதிதாக 470 ஓடுகளே தேவை. ஆனால் ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றொன்றின் ஓட்டோடு பெரும்பாலும் சரியாகப் பொருந்துவதில்லை. பழைய ஓடுகளில் இரண்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, புதியதோடு கோத்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும். பொருந்தாவிடின், பழையவற்றை ஒரு பக்கத்துக் கூரைக்கும், புதியவற்றை மறு பக்கத்துக்கும் உபயோகிக்கலாம்.

புதிய ஓட்டின் தரத்தையும் வீட்டிலேயே சோதிக்கலாம். உலர்ந்த ஓட்டை நிறுத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறப் போட்டு, மேல் ஈரத்தைத் துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடலாகாது. இரண்டரை கிலோ ஓடு ஊறியபின் மூன்று கிலோவைத் தாண்டினால், அது சரியாக வேகாத ஓடு. விலை மலிவாயினும் வேண்டாம்.

4. அடியிலுள்ள மரம்

ஓட்டை நாம் பார்க்கிறோம். ஓட்டைத் தாங்கும் மரத்தைப் பார்ப்பதில்லை. மதிப்பீடு தவறுவதற்குப் பெருங்காரணம் இதுவே. ஓடு ஒன்று இரண்டரை கிலோ எனில், மேற்கூறிய வீட்டின் மரங்கள் 3 டன்னுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்குகின்றன. மழையில் ஓடு ஊறினால் சுமை இன்னும் கூடும்.

கூரையைப் பிரிப்பதற்கு முன், இறவாண ஓரத்திலும், முகட்டருகிலும், ஒழுக்குள்ள இடத்திலும் நாலைந்து ஓடுகளை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். கைமரத்தில் ஆணியை அழுத்தினால் எளிதில் இறங்குகிறதா? சுவரில் பதிந்த முனையில் கரையான் மண் தெரிகிறதா? ரீப்பர் கட்டைகள் வளைந்துள்ளனவா? இவற்றைக் கவனித்து, மாற்ற வேண்டிய மரங்களை எண்ணிக்கொள்ளலாம்.

ஓட்டின் கொக்கிகள் ரீப்பரில் மாட்டி நிற்பதால், ரீப்பர்களுக்கு இடையே ஏறத்தாழ ஓர் அடியும் அரை அங்குலமும் இருக்கும். 14 அடிச் சாய்வுக்குப் பக்கத்துக்கு 15 வரிசை ஆகும். 15 × 32 × 2 = 960 அடி ரீப்பர் தேவை. "சில்லறைச் சாமான்" என்று பேச்சில் தள்ளப்படும் பொருள் இத்தனை நீளம் கொண்டது.

எத்தனை சோதித்தாலும் சில பழுதுகள் ஓட்டை இறக்கிய பின்னரே தெரியவரும். அமெரிக்க நாட்டில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. பழைய பட்டையை உரித்த பின் அடிப்பலகை மக்கியிருந்தால், பலகை ஒன்றுக்கு இன்ன விலை என்று ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதிக்கொள்கின்றனர். நாமும் கைமரம் அடிக்கு இவ்வளவு, ரீப்பர் அடிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதிக்கொண்டால், கூரை திறந்து கிடக்கும் நேரத்தில் விலை பேசி ஏமாற வேண்டியதில்லை. இதற்கென மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைப்பது நன்று. மிகப் பழைய வீடாயின் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும்.

5. கூலியும் பிற செலவுகளும்

பழைய ஓட்டை இறக்குதல், தரம் பிரித்து அடுக்குதல், தச்சு வேலை, புதிய ஓட்டை ஏற்றுதல், வேய்தல், முகட்டுக்குச் சாந்து பூசுதல், உடைந்த ஓட்டை அப்புறப்படுத்துதல் ஆகியவை தனித்தனி வேலைகள். எவை பேசிய கூலியில் அடங்கும், எவை அடங்கா என்று கேட்டறிய வேண்டும். சாரம், ஆணி, வண்டிக் கூலி ஆகியவற்றையும் மறத்தல் கூடாது.

கடலோர மாவட்டங்களில் ஓடுகளைக் கம்பியால் கட்டும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியைத் தாக்கிய கஜா புயலில் எண்ணற்ற வீடுகள் கூரை இழந்தன. காற்று முதலில் பற்றுவது இறவாணம், முகடு, பக்க ஓரம் ஆகிய இடங்களையே. அவ்விடங்களிலுள்ள ஓடுகளையேனும் ரீப்பரோடு கட்டுதல் வேண்டும். கம்பிக்கு ஆகும் செலவு சிறிது; அது காக்கும் பொருளோ பெரிது.

பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடாயின் ஓர் எச்சரிக்கை அவசியம். அதன் தூள் மூச்சில் கலந்தால் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. தகட்டை உடைக்காமலும் அறுக்காமலும், நீர் தெளித்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். வேலையாட்கள் நல்ல முகக்கவசம் அணிதல் வேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தலாகாது.

6. இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடுதல்

கணக்கு விளங்கும் பொருட்டுச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம்; இவை சந்தை விலைகள் அல்ல. ஒருவர் எல்லாம் உட்பட சதுரத்திற்கு 10,000 ரூபாய் கேட்கிறார். மற்றொருவர் 9,000 ரூபாய் போதும் என்கிறார். 9 சதுரத்திற்கு முதலாமவர் கேட்பது 90,000. இரண்டாமவர் கேட்பது 81,000. இரண்டாமவரே மலிவு என்று தோன்றும். ஆனால் ரீப்பரும் முகட்டு ஓடும் அவர் கணக்கில் இல்லை. ரீப்பர் அடிக்கு 15 ரூபாய் வீதம் 960 அடிக்கு 14,400 ரூபாய். முகட்டு ஓடு 60 ரூபாய் வீதம் 32க்கு 1,920 ரூபாய். மொத்தம் 97,320 ரூபாய் ஆகிவிடுகிறது. மலிவு என்று எண்ணியது 7,320 ரூபாய் அதிகமாக முடிந்தது. ஆகவே சதுர விலையை மட்டும் ஒப்பிடாமல், வேலை முடிந்து வீடு மூடப்படும்போது ஆகும் முழுத் தொகையை ஒப்பிடுதல் வேண்டும்.

பணத்தையும் வேலையின் படிப்படியே கொடுக்க வேண்டும். பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி. மர வேலை முடிந்ததும் ஒரு பகுதி. வேய்ந்து முடிந்ததும் ஒரு பகுதி. ஒரு சிறு தொகையை முதல் மழை பெய்து ஒழுக்கில்லை என்று கண்டபின் கொடுப்பதாகப் பேசிக்கொள்வது சாலச் சிறந்தது.

7. பஞ்சாயத்து அங்கத்தினர் கவனத்திற்கு

பொதுக் கட்டடங்களுக்கு ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். அதனைப் படித்துப் பார்க்கும் அங்கத்தினர், குறைந்தபட்சம் நான்கு கேள்விகள் கேட்கலாம். அளந்தது தரையையா, சாய்வையா? மரத்தைச் சோதித்த பின் எழுதிய மதிப்பீடா? தேறும் பழைய ஓடுகளின் எண்ணிக்கை குறிக்கப்பட்டுள்ளதா? அவை எங்கே, எவர் பொறுப்பில் வைக்கப்படும்? இறக்கிய நல்ல ஓடும் மரமும் ஊரின் சொத்து. அவற்றை எண்ணிப் பதிவு செய்யாவிடின் நாளடைவில் மறைந்துவிடும். மதிப்பீட்டைக் கிராம சபையில் படித்துக் காட்டினால், ஊரிலுள்ள கொத்தனாரும் தச்சரும் அதில் விடுபட்டதை எடுத்துக் கூறுவர்.

8. ஏற்ற காலம்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் தை முதல் ஆனி வரை கூரை வேலைக்கு ஏற்ற காலம். புரட்டாசியில் தொடங்கும் வேலை ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்ளும். பணம் முழுவதும் சேரவில்லையெனில், முழுக் கூரையையும் பிரித்துவிடலாகாது. வீட்டின் ஒரு கோடியிலிருந்து மூன்றில் ஒரு பகுதியை எடுத்து, முகட்டின் இரு பக்கத்தையும் முழுமையாக முடித்து மூடிவிட்டு, மறு ஆண்டு அடுத்த பகுதியைத் தொடங்கலாம். ஒரே பக்கத்தில் மட்டும் சுமையை ஏற்றினால் கூரைச் சட்டம் ஒருபுறமாகத் தள்ளப்படும். ஆதலால் இரு பக்கமும் சமமாகப் பிரித்துச் சமமாக வேய்தல் வேண்டும்.

பயிற்சி

ஒரு கிராம நூலகத்தின் வெளி நீளம் 24 அடி. அகலம் 16 அடி. கூரை நீளவாக்கில் இரு புறமும் 1 அடி வெளியே நீள்கிறது. முகட்டிலிருந்து இறவாண நுனி வரை சாய்வு 12 அடி. கூரை எத்தனை சதுரம்? எத்தனை ஓடுகள் வேண்டும்?

விடை: கூரையின் நீளம் 26 அடி. 26 × 12 × 2 = 624 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஆறேகால் சதுரம். சதுரத்திற்கு 145 வீதம் 905 ஓடுகள். உடைசலுக்கு 45 சேர்த்து 950. தரையை மட்டும் அளந்திருந்தால் நான்கு சதுரத்திற்கும் குறைவாகவே கணக்கு வந்திருக்கும்.

இப்பயிற்சியை முடித்தவர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடாவும் ஏணியும் கொண்டு தங்கள் வீட்டுக் கூரையையே அளந்து, கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். இவ்வாண்டு கூரையை மாற்றும் எண்ணம் இல்லாதவர்க்கும், எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பதை அத்தாள் தெரிவிக்கும்.