பழைய புல்லட்டுக்கு நாமே சீட் கவர் மாற்றலாம்

நம் வணிகர்களில் சிலர் இன்னும் தந்தையார் காலத்துப் புல்லட்டில்தான் மண்டிக்குப் போய் வருகிறார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்த பிறகு திருவொற்றியூரில் உருவான வண்டி அது. என்ஜினுக்குச் செலவழிக்கத் தயங்காத நாம், சீட் கிழிந்தால் மட்டும் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிக் காலம் கடத்துகிறோம். மூட்டை உரசிக் கிழிந்த ரெக்ஸின் பெரிய நஷ்டமல்ல. கிழிசல் வழியே இறங்கும் மழைநீரை ஸ்பாஞ்சு குடித்து வைத்துக்கொண்டு, அடியிலுள்ள இரும்புத் தகட்டை அரித்துவிடுகிறதே, அதுதான் நஷ்டம். கவர் எப்போதும் வாங்கலாம். அந்தக் காலத்துத் தகடு எளிதில் அகப்படாது.

நான் என் வண்டியை ஒரு கடையில் விட்டேன். கவரைப் பிடித்திருக்கும் சிறு பற்களை நெம்பப் பொறுமையில்லாமல் வெட்டிவிட்டு, தகட்டில் துளையிட்டு ரிவெட் அடித்துத் தந்தார்கள். ஒரே மழைக்காலத்தில் துளைதோறும் துரு! அடுத்த முறை நானே உட்கார்ந்தேன். கடை விடுமுறை நாள் ஒன்றும் மறுநாள் காலையும் போதும்.

சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். தட்டைத் திருப்புளியால் ஒவ்வொரு பல்லையும் கவர் விடுபடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். முழுதும் நிமிர்த்தினால் மறுபடி மடக்கும்போது ஒடியும். பழைய இரும்பு இரண்டு மூன்று மடிப்புக்கு மேல் தாங்காது. ஸ்பாஞ்சை நிழலில் உலர்த்துங்கள். தகட்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடும் பெயிண்டும் அடித்து ஒரு இரவு காயவிடுங்கள். தண்ணீர் வடியும் துளைகளைப் பெயிண்ட் அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும்.

ஸ்பாஞ்சின் மேல் மெல்லிய பாலிதீன் தாள் ஒன்றை விரியுங்கள். தையல் வழியே கசியும் நீரை அது தடுக்கும். புதுக் கவரை அரைமணி நேரம் வெயிலில் போட்டால் இளகிவிடும். முன்பக்க நடுவில் முதலில் மாட்டி, பின்பக்கம் இழுத்து மாட்டுங்கள். பிறகு இடம் ஒன்று, வலம் ஒன்றாக நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போக வேண்டும். ஒரே பக்கமாக முடித்தால் தையல் கோணிவிடும். மூலைகள் கடைசியில்.

பற்களைப் பாதி மட்டும் மடக்கிவிட்டுச் சீட்டை நிமிர்த்திப் பாருங்கள். சுருக்கம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் விடுவித்து இழுக்கலாம். திருப்தியான பிறகே சுத்தியலால் மெல்லத் தட்டி முழுதும் மடக்குங்கள். இனி மூட்டை ஏற்றும்போது சீட்டின் மேல் மடித்த கித்தான் ஒன்றைப் போட்டுக் கட்டுங்கள்.