இங்கிலாந்தில் வாடகை வீடு: சாவி எத்தனை பேரிடம்?

லண்டன் ஹாரோவில் நாங்கள் எடுத்த முதல் வாடகை வீட்டில் மூன்றாவது சனிக்கிழமை. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறக்கும் சத்தம். கடைக்குப் போன மனைவிதான் என்று நினைத்து, "கொத்தமல்லி கிடைச்சுதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால், கையில் சாவியோடு ஒரு பையன் நடையில் நிற்கிறான். என்னைவிட அவன்தான் அதிகம் பயந்துபோயிருந்தான். முன்பு அங்கே குடியிருந்தவரின் நண்பனாம். தன் பெயருக்கு வந்த பார்சலை எடுக்க வந்தானாம். அவர் காலி செய்துவிட்டது தெரியாதாம். நாலைந்து முறை மன்னிப்புக் கேட்டு, சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

ஏஜென்டுக்கு போன் செய்தேன். "கொடுத்த சாவி எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிட்டோமே" என்றார். அவர் கணக்கு சரிதான். கடைத்தெருவில் ஐந்து நிமிடத்தில் வெட்டித் தரும் மாற்றுச்சாவிதான் எந்தக் கணக்கிலும் வராது.

அன்றிலிருந்து, புதிதாக வரும் நம்மவர்கள் வீட்டுப் பாதுகாப்பு பற்றிச் சொல்லும் நம்பிக்கைகளைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். பாதி ஊரிலிருந்து கொண்டுவந்தவை. மீதி இங்கே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனவை.

"புதுசா ஆள் வந்தா வீட்டுக்காரர் பூட்டு மாத்திடுவார்."

மாற்றவேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டக் கட்டாயம் இல்லை. 1985ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர்–வாடகைதாரர் சட்டம், வெளிக்கதவு, ஜன்னல் உட்பட வீட்டின் வெளிப்புறத்தைப் பழுது பார்த்துத் தரும் பொறுப்பை உரிமையாளர்மேல் வைக்கிறது. பழுதில்லாத பூட்டைப் புதிதாக்கித் தரச் சொல்லவில்லை. ஆகவே கேட்கவேண்டியது நாம்தான். நான் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினேன்: என் செலவில் பூட்டின் சிலிண்டரை (சாவி நுழையும் பகுதியை) மாற்றிக்கொள்கிறேன், ஒரு சாவி உங்களுக்குத் தருகிறேன், காலி செய்யும்போது பழையதைப் பொருத்திவிட்டுப் போகிறேன். மறுநாளே சம்மதம் வந்தது. கேட்காமல் மாற்றியிருந்தால் ஒப்பந்தத்தை மீறிய வம்பு.

இங்கே பெரும்பாலான வாடகை வீடுகளில் இருப்பது யுபிவிசி பிளாஸ்டிக் கதவு. அதன் விளிம்பில், பூட்டுக்கு நேராக ஒரு நீளமான ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைத் துளையில் விட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டர் முழுசாக வெளியே வந்துவிடும். அளவு பார்த்துப் புதியதை நுழைத்து அதே ஸ்க்ரூவை முடுக்கவேண்டியதுதான். பத்து நிமிட வேலை. வாங்கும்போது டிஎஸ் 007 முத்திரையில் மூன்று நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சிலிண்டர் கைப்பிடிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், பிடுங்குக்கருவியால் பிடித்து ஒடித்துவிடுவது இந்த நாட்டுத் திருடர்களுக்குக் கைவந்த கலை. மூன்று நட்சத்திரச் சிலிண்டர் அதற்கு எதிராகச் செய்யப்பட்டது. வெளிநுனி ஒடிந்தாலும் பூட்டு திறக்காது.

"கதவை இழுத்துச் சாத்தினா பூட்டிக்கும்."

இதைச் சொல்லாதவர் இல்லை. இதே யுபிவிசி கதவை இழுத்துச் சாத்தினால் நாக்கு ஒன்றுதான் சிக்கும். வெளியிலிருந்து திறக்க முடியாததால் பூட்டிவிட்டது போலத் தோன்றுகிறது. கைப்பிடியை மேல்நோக்கித் தூக்கும்போதுதான் கதவின் மேலும் கீழும் உள்ள கொக்கிகள் சட்டத்துக்குள் போகும். அதன்பின் சாவியைத் திருப்பினால்தான் அது பூட்டு. "தூக்கு, திருப்பு" என்று எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடப் பாடம். திருடு போனபின் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, கதவு எப்படிப் பூட்டப்பட்டிருந்தது என்பது.

பழைய மரக்கதவு வைத்த வீடென்றால் கேள்வி வேறு. ஐந்து நெம்புகோல் பூட்டு இருக்கிறதா, அதன் முகத்தில் பிஎஸ் 3621 என்று பொறித்திருக்கிறதா என்று பாலிசிப் படிவத்தில் கேட்பார்கள். பார்க்காமலே "ஆம்" என்று டிக் போடுகிறவர்கள் நம்மில் அதிகம். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்வது நம் கடமை. அலட்சியமாகச் சொன்ன தவறான பதிலுக்காகவே கிளெய்ம் தொகையைக் குறைக்கலாம்.

கதவோடு இன்னொன்று. தபால் போடும் துளைக்கு எட்டும் தூரத்தில் சாவிக்கொத்தைத் தொங்கவிடாதீர்கள். நீளமான கம்பியை உள்ளே விட்டுத் தூண்டில் போட்டு எடுப்பதுபோல எடுத்துவிடுகிறார்கள்.

"வீட்டுக்காரர்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்காரே!"

போட்டிருப்பார், தன் வீட்டுக்கும் தன் பொருளுக்கும். சுவர், கூரை, அவர் வாங்கிப் போட்ட சோபா, வாஷிங் மெஷின், எல்லாம் அவர் கணக்கு. உங்கள் லேப்டாப், பட்டுப்புடவை, தாலிக்கொடி எதுவும் அதில் இல்லை. திருடன் உடைத்த கதவை அவர் சரிசெய்து தருவார். கதவு வழியாகப் போனதற்கு அவர் பொறுப்பில்லை. குடியிருப்பவர் தன் உடைமைகளுக்குத் தனியாகப் பாலிசி எடுக்கவேண்டும்.

எடுத்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது அடுத்த நம்பிக்கை. நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான்.

முதலாவது, முப்பது நாள் விதி. வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கான காப்பு நின்றுபோகும் என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். சிலவற்றில் 60 நாள். இங்கே பள்ளிக்கூடக் கோடை விடுமுறை சுமார் ஆறு வாரம். அதாவது 42 நாள். டிக்கெட் விலைக்கு ஒருமுறை போனால் முழுதும் இருந்துவிட்டுத்தான் வருவோம். குலதெய்வக் கோயில், காதுகுத்து, இரண்டு பக்கச் சொந்தம் என்று ஆறு வாரமே போதாது. முப்பத்தொன்றாம் நாள் மதுரையில் சித்தி வீட்டில் நாம் விருந்து சாப்பிடும்போது, லண்டன் வீட்டுக்குப் பாலிசி பெயரளவில்தான் இருக்கும். நண்பர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும் என்றும் இல்லை. 'குடியிருப்பது' என்றால் ராத்தங்குவது என்றே பல பாலிசிகள் சொல்கின்றன. கிளம்புமுன் போன் செய்து, எத்தனை நாள் என்று சொல்லி, நீட்டித்துத் தரமுடியுமா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். 14 நாள், 28 நாள் என்று ஒரு வரம்பு போட்டு, அதற்குமேல் வீட்டைப் பூட்டிப் போனால் தெரிவிக்கவேண்டும் என்று பலவற்றில் எழுதியிருக்கும்.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு. பாலிசி மொத்தம் 50,000 பவுண்டுக்கு இருக்கலாம். ஆனால் தனியாக எழுதிக்கொடுக்காத ஒரு பொருளுக்கு 1,000, 1,500, 2,000 என்று ஏதோ ஒரு தொகையில் நிறுத்திவிடுவார்கள். பத்துப் பவுன் ஆரம் 80 கிராம். இன்றைய விலையில் அது அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டும். ஆரம், ஒட்டியாணம், நெக்லஸ் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, மதிப்பிட்டுச் சேர்த்தால்தான் காப்பு. மதிப்பீட்டாளரின் சான்று கேட்பார்கள். தி.நகர் பில் இருந்தால் நல்லது. பாட்டி கொடுத்த நகைக்கு பில்லுக்கு எங்கே போவது? கல்யாண ஆல்பம் இருக்கிறதே. ஒவ்வொரு நகையும் யார் கழுத்தில், எந்தக் கோணத்தில் என்று நூறு படம். அதை ஸ்கேன் செய்து வீட்டுக்கு வெளியே எங்காவது வைத்திருங்கள். ஆல்பம் எடுத்த கடன் ஒருநாள் இப்படியாவது கழியட்டும்.

மாணவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐந்து பேர் பங்குபோட்டுத் தங்கும் வீட்டில், உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம் என்பது வழக்கமான நிபந்தனை. அறைக்குத் தனிப்பூட்டு இல்லை, லேப்டாப் மேசைமேல் இருந்தது, யாரோ எடுத்துப்போனார்கள் என்றால் கிளெய்ம் நிற்காது.

"நம்ம வீட்ல என்ன இருக்கு திருட?"

பிரிட்டிஷ் கடைவீதியில் சாதாரணமாக விற்பது 9 காரட் தங்கம். நூற்றுக்கு முப்பத்தேழரை பங்குதான் தங்கம். நம் நகை 22 காரட், 916. ஒரே எடையில் இரண்டரை மடங்குக்கு நெருக்கமான தங்கம். உருக்கிவிட்டால் யாருடையது என்று சொல்லவே முடியாது. 2019இல் பிபிசி வெளியிட்ட கணக்கு ஒன்றின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் தெற்காசியக் குடும்பங்களின் தங்கம் 14 கோடி பவுண்டுக்கு மேல் திருடுபோயிருக்கிறது. தீபாவளி சமயத்தில் போலீசார் நம் மாதிரி வீடுகளுக்குத் தனியாக எச்சரிக்கை விடுவது இதனால்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியபின் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். டிசம்பர் நடுவில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நாமோ ஆபீசில் இருப்போம்.

(நாம் தங்கத்தை எண்ணும் 'சவரன்' இந்த ஊர்ச் சொத்துதான். இங்கே அச்சடித்த சாவரின் நாணயத்தின் பெயர். அதுவும் 22 காரட், எட்டு கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்திருக்கிறது.)

அரிசி வாளி, பருப்பு டின், சாமி அலமாரி, மெத்தைக்கு அடி. நம் ஒளிவிடங்கள் நமக்கு மட்டும் தெரிந்தவை என்பது இன்னொரு நம்பிக்கை. நம் வீடுகளைத் தேடி வருகிறவன் அரிசியைத் தரையில் கொட்டிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பான். சுவரில் பதிக்கும் பெட்டகம் வாடகை வீட்டில் அனுமதியில்லாமல் முடியாது. பதிக்காத பெட்டகத்தை அப்படியே தூக்கிப்போகலாம். பெரும்பாலான வங்கிகள் இங்கே லாக்கர் கொடுப்பதை நிறுத்திவிட்டதால் தனியார் பெட்டக நிலையங்கள்தான் வழி. அங்கேயும் தனியாக இன்சூரன்ஸ் தேவை. 2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் ஹாட்டன் கார்டன் பெட்டக நிலையத்தின் கான்கிரீட் சுவரைத் துளைத்துப் புகுந்தவர்களில் பலர் அறுபது, எழுபது வயதுத் தாத்தாக்கள்.

ஊரில் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டால் முழுப்பொறுப்பும் வங்கிக்கு என்பதும் சரியில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல நூறு மடங்குதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். ஐந்து பவுனுக்குக்கூடக் காணாது. இருந்தாலும் இங்கே அலமாரியில் கிடப்பதைவிட அது மேல் என்பேன்.

"ஹால் லைட்டைப் போட்டுட்டுப் போனா ஆள் இருக்கிற மாதிரி தெரியும்."

மதியம் இரண்டு மணிக்கும் எரிகிற விளக்கு, ஆள் இல்லை என்றுதான் சொல்லும். டைமர் நல்லதுதான், நேரம் சரியாக வைத்தால். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். ஆறு மணிக்கு விளக்கு எரிந்தால் யார் நம்புவார்கள்?

விளக்கைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது குப்பைத்தொட்டி. சக்கரம் வைத்த தொட்டியை வாரம் ஒருநாள் தெருவோரம் வைத்து, வண்டி போனதும் உள்ளே இழுக்கவேண்டும். தெருவில் எல்லார் தொட்டியும் உள்ளே போனபின் ஒன்று மட்டும் மூன்று நாளாக வெளியே நின்றாலும், எல்லார் தொட்டியும் வெளியே இருக்க ஒரு வீட்டின் முன் மட்டும் இல்லாவிட்டாலும் விஷயம் ஒன்றுதான். கதவுத் துளையில் பாதி தொங்கும் பீட்சா நோட்டீஸும் அப்படியே. தபாலைக் கட்டணத்துக்கு நிறுத்திவைக்க ராயல் மெயிலில் ஏற்பாடு உண்டு. நோட்டீஸையும் தொட்டியையும் பார்க்க மனுஷர் வேண்டும்.

எங்களுக்கு எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். "நீங்கள் போட்டு வாங்கோ தம்பி, தொட்டியை நான் எடுத்து வைக்கிறன்" என்பார். எங்கள் முற்றத்தில் அவர் மகனின் காரையும் நிறுத்திவைப்பார். பூட்டிய வீட்டைப் பற்றி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் நம்மூர் வழக்கம் இங்கே இல்லை. அதன் இடத்தில் இருப்பது பக்கத்து வீடுதான். 1982இல் செஷயர் மாவட்டத்தின் மொலிங்டன் கிராமத்தில் தொடங்கிய அண்டையார் காவல் முறை நாடெங்கும் பரவியதும் அதனால்தான்.

அக்கா காத்துக் கொடுத்ததை நாமே ஹீத்ரோவிலிருந்து குடும்பத்தோடு செல்ஃபி போட்டுக் கெடுத்துக்கொள்வது தனிக்கதை.

"போலீசுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

திருடன் பிடிபடுவது குறைவு என்பது உண்மை. ஆனால் வரவே மாட்டார்கள் என்பது பழைய கதை. வீடு புகுந்த திருட்டு ஒவ்வொன்றுக்கும் அதிகாரி நேரில் வருவார் என்று இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைத் தலைவர்கள் 2022 அக்டோபரில் உறுதி சொல்லியிருக்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கும் சந்தேகம் என்றால் 999. முடிந்துபோன திருட்டு என்றால் 101. எதையும் தொடாமல் காத்திருங்கள். அவர்கள் தரும் குற்றப்பதிவு எண் இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது. கேமரா வைத்த அழைப்புமணியும் உதவும், படம் பிடிக்க. ஆளைத் தடுக்கும் என்று நம்பவேண்டாம். சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

நான்கு வருஷம் கழித்து அந்த வீட்டைக் காலி செய்தோம். சொன்னபடி, பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த பழைய சிலிண்டரை எடுத்துக் கதவில் பொருத்தினேன். அந்தப் பையன் கொடுத்த சாவியைப் போட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. புதிதாக வந்தவர் திருச்சிப் பக்கம். கழற்றிய நல்ல சிலிண்டரையும் அதன் சாவிகளையும் ஒரு கவரில் போட்டு, "ஏஜென்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இதை மாட்டிக்கொள்ளுங்கள், ஒரே ஸ்க்ரூதான்" என்று நீட்டினேன். வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு எத்தனை சாவி சார் போட்டீங்க?" என்றார்.