முக்கோணத்தில் தவிக்கும் காந்தங்களை ஆராய வருகிறவர்களுக்கு

கோவையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, "ஃபிரஸ்ட்ரேட்டட் காந்தத்துல ஆராய்ச்சி பண்ணோணுங்க ஐயா" என்று வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது.

1. முதலில் காகிதத்தில் ஒரு முக்கோணம் போடுங்கள், கண்ணுகளா. மூன்று முனையிலும் ஒவ்வொரு ஸ்பின். அடுத்தடுத்து இருப்பவை எதிரெதிராக நிற்க வேண்டும். இரண்டு நின்றுவிடும், மூன்றாவதற்கு வழியில்லை; இந்தத் தவிப்புதான் ஃபிரஸ்ட்ரேஷன். மேலும் கீழுமாக மட்டுமே நிற்கும் ஸ்பின்களாலான முக்கோண வலை தனிச்சுழி வெப்பநிலையிலும் ஒழுங்குக்கு வராது என்று 1950-இல் இயற்பியலாளர் வானியர் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

2. டெஸ்லாவைக் கெல்வினாக மாற்றப் பழகுங்கள். 1 டெஸ்லா புலத்தில் எலெக்ட்ரான் ஸ்பின்னின் இரு நிலைகளுக்கு நடுவே உள்ள ஆற்றல் வித்தியாசம் சுமார் 1.34 கெல்வின். நம்மூர் பம்ப்செட் மோட்டாரின் இரும்பில் ஏறக்குறைய 1.5 டெஸ்லா, ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ.யில் 1.5 அல்லது 3. ஒரு படிகத்தில் ஸ்பின்களின் பிணைப்பே 85 கெல்வின் என்றால் இந்தப் புலங்கள் எம்மாத்திரம்?

3. அந்த 85 கெல்வின் படிகம் ஸ்ட்ரான்சியம் தாமிர போரேட். அதை விடாமல் படியுங்கள். நம் நாட்டு ஸ்ரீராம் சாஸ்திரியும் பில் சதர்லாண்டும் 1981-இல் காகிதத்தில் தீர்த்த மாதிரிக்கு, 1999-இல் ஜப்பானில் நிஜப் படிகம் கிடைத்தது. புலத்தை ஏற்றினால் காந்தமாக்கம் சீராக ஏறுவதில்லை. முழு அளவின் 1/8, 1/4, 1/3 பங்குகளில் நின்று நின்று ஏறுகிறது. 1/8 படி 27 டெஸ்லாவுக்கு அருகே. 2013-இல் 118 டெஸ்லா வரை ஏற்றியபோது 1/2 படியும் தெரிந்தது.

4. ஒற்றை வளைவை நம்பிப் புது நிலை என்று அறிவிக்காதீர்கள். இதே படிகத்தின் 2/15, 1/6 படிகளை முறுக்குவிசை அளவீடும் என்.எம்.ஆரும் சேர்ந்துதான் உறுதிசெய்தன. துடிப்பாகத் தரப்படும் உயர் புலம் மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும். அதற்குள் படிகத்தின் வெப்பநிலை மாறலாம். ஏறும் வளைவையும் இறங்கும் வளைவையும் பொருத்திப் பாருங்கள்.

5. படிகத்தின் அச்சுகளை அறியாமல் புலத்தில் வைக்காதீர்கள். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1930-களில் மெல்லிய இழையில் படிகத்தைத் தொங்கவிட்டே திசைக்குத் திசை மாறும் காந்தத்தன்மையை அளந்தார்.

6. டிரெஸ்டன், துலூஸ், லாஸ் அலமோஸ் உயர் காந்தப்புல ஆய்வகங்களில் முன்மொழிவின் தகுதி பார்த்துத்தான் நேரம் தருகிறார்கள். நல்ல படிகம் கையில் இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் முதலில் ஒரு வருடம் படிகம் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.