ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை: பில்லைப் பத்திரப்படுத்துங்கள்

இதயச் சிகிச்சை முடிந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோடு வீடு திரும்புகிறீர்களா? பல மெடிக்ளெய்ம் பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள், சில பாலிசிகள் 90 அல்லது 180 நாள் வரை, அந்தச் சிகிச்சை தொடர்பான மருந்துச் செலவைத் தரும். மருந்துச்சீட்டு, பில், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடி-ஐஎன்ஆர் பரிசோதனை ரசீது மூன்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். கெடு தாண்டிவிட்டால், ஓபிடி வசதியுள்ள பாலிசி இல்லாதவர்களுக்குக் கைக்காசுதான்.

மாதாமாதம் வாங்கும் மருந்தாயிற்றே. ஜெனரிக் பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளான ரிவராக்சபான், அபிக்சபான் இரண்டுக்கும் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. விலையை ஒப்பிட்டு வாங்கலாம்.

செலவுக்குப் பயந்து ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்கள், ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையான வார்ஃபரினை விட்டுத் தாங்களாக வேறு மாத்திரைக்கு மாறவே கூடாது.