நடத்தியவரை நினைத்து நட

கர்த்தருக்குள் அன்பான பேரனுக்கு,

தாத்தா எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆச்சியும் ஆண்டவருடைய கிருபையால் சுகம். உன் கடிதத்தை இருவரும் வாசித்தோம். வேலை போனதைவிட, ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, அதுதான் ஆச்சியைக் கலங்கவைத்துவிட்டது. "உங்கள் காலத்தில் கடவுள் நடத்தினார் என்கிறீர்கள், இப்போது எனக்கு அவர் எங்கே?" என்றும் கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

இப்படிக் கேட்டுவிட்டோமே என்று நீ கூச வேண்டாம். மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலையில் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்த கிதியோனும் இதையேதான் கேட்டான். எகிப்திலிருந்து மீட்டார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தான். அந்த அற்புதங்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் காணவில்லை என்று மனம் நொந்துபோனான். கர்த்தர் அவனைக் கண்டிக்கவில்லை. இருக்கிற பலத்தோடு புறப்படச் சொன்னார். கேள்வியோடு வருகிறவனை அவர் தள்ளுவதில்லை. அந்தத் துணிவோடு மேலே படி.

77-ஆம் சங்கீதத்தை இன்றே எடுத்து, மெதுவாக வாசி. அதைப் பாடிய ஆசாபுக்கும் தூக்கம் இல்லை, பேச்சு வரவில்லை. தேவன் இரக்கம் காட்டுவதை மறந்தேவிட்டாரோ என்று கேட்கும் அளவுக்கு அவன் போகிறான். பாதியில் ஒரு தீர்மானத்துக்கு வருகிறான்: பழைய நாட்களில் அவர் செய்தவற்றை இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்க்கப்போகிறேன் என்று. பிறகு செங்கடலைப் பற்றிப் பாடுகிறான். சங்கீதம் முடியும்போதும் அவனுடைய கஷ்டம் தீர்ந்ததாக ஒரு வார்த்தை கிடையாது. பார்வை மாத்திரம் திரும்பியிருக்கிறது. அந்தத் திருப்பம் தானாக வந்துவிடவில்லை. நினைப்பேன் என்று அவன் முடிவெடுத்தான். மனம் லேசானபிறகு நினைத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த நாள் வராது.

மறப்பதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. செங்கடலைக் கடந்து மூன்று நாள் நடந்த ஜனங்கள், மாராவின் கசப்புத் தண்ணீரைக் கண்டதும் முறுமுறுத்தார்கள். அதைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது மாற்கு 8-ஆம் அதிகாரம். படகில் ஒரே ஒரு அப்பம்தான் இருக்கிறது என்று சீஷர்கள் கவலைப்படுகிறார்கள். ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தபோது மீதி எத்தனை கூடை என்று இயேசு கேட்கிறார். பன்னிரண்டு என்கிறார்கள். நாலாயிரம் பேருக்கு? ஏழு. கணக்கில் ஒரு கூடைகூடத் தப்பவில்லை! ஆனாலும் இன்னும் உணரவில்லையா என்று அவர் கேட்கிறார். அந்தக் கூடைகளை நிரப்பியவர் இதே படகில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

மகனே, நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். நடந்தது ஞாபகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து இன்றைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். தாவீது அப்படித்தான் செய்தான். சிங்கத்துக்கும் கரடிக்கும் தப்புவித்தவர் இந்தப் பெலிஸ்தனுக்கும் தப்புவிப்பார் என்று சவுலிடம் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் ஓடைக்குப் போய்க் கல் பொறுக்கினான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். முன்பு செய்தமாதிரியே இப்போதும் செய்வார் என்று ஆண்டவருக்கு நாம் வழி வகுத்துக் கொடுக்கக் கூடாது. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் ஒரு காலத்தில் ஜனங்களைப் பிழைக்கவைத்தது. பிற்பாடு அதற்கே தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து விடுதலையானான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தால் வெட்டுண்டான். ஒரே சபை, ஒரே ஆண்டவர், முடிவு வெவ்வேறு. உண்மையுள்ளவர் என்று நாம் அவரைச் சொல்வது, கேட்டதையெல்லாம் கொடுத்தார் என்பதற்காக அன்று. எந்த முடிவிலும் தம்முடையவர்களைக் கைவிடவில்லை என்பதற்காக.

இதற்குச் சாட்சி தேடி இஸ்ரவேல்வரை போக வேண்டியதில்லை. உன் கையிலிருக்கும் தமிழ் வேதாகமமே போதும். சீகன்பால்க் என்ற மிஷனரி 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். இரண்டு வருஷம் கடந்து சில மாதங்களில், அங்கிருந்த டேனிஷ் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் அடைத்தான். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரத்தோடு புறப்பட்ட கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. இயந்திரம் வந்து சேர்ந்தது. கூட வந்த அச்சுக்காரர் கடற்பயணத்திலேயே இறந்துபோனார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்வரை மொழிபெயர்த்திருந்த சீகன்பால்க், 1719-இல் முப்பத்தாறு வயதில் காலமானார். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது பாதியில் நின்ற வேலையாகத்தான் தோன்றியிருக்கும். பின்னால் வந்த சூல்ச் அதைத் தொடர்ந்து முடித்தார். பப்ரிசியுஸ், நம் பாளையங்கோட்டை இரேனியுஸ், பவர் ஐயர் என்று எத்தனையோ கைகள் மாறி அது உன் கைக்கு வந்திருக்கிறது. ஒரு மனிதனுடைய ஆயுளுக்குள் கர்த்தர் தம் கணக்கை முடித்துவிடுவதில்லை. வேலை போன இந்த மூன்று மாதத்தை வைத்து அவரை நீ எடைபோட்டுவிடாதே.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. ஞாபகம் இருக்கும் வயதிலிருந்து தொடங்கி, பயந்த நேரங்களையும், அப்போது ஜெபித்ததையும், பிறகு நடந்ததையும் எழுது. கிடைக்காமல் போனதையும் மறைக்காமல் எழுது. யார் மூலம் உதவி வந்ததோ அவர்கள் பெயரையும் எழுது: பள்ளிக் கட்டணம் கட்டிய மாமா, ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரியில் உனக்காகப் பேசிய ஆசிரியர். பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாமல் விட்ட கணக்கை வைத்துக்கொண்டு கடை நொடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புவாயா? இந்த மூன்று மாதமாக உன் மனம் அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் வீட்டுப் பெரிய வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத் தாள்களில் உன் பூட்டனார் காலம் முதல் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் எல்லாம் குறித்திருக்கிறது. சந்தோஷமும் துக்கமும் ஒரே மையில், அடுத்தடுத்த வரியில் இருக்கும். அதைப் படமெடுத்து உனக்கு அனுப்பச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டியது பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். நீயும் கேள். உன் அப்பாவிடம் அவனுடைய கஷ்ட காலத்தைப் பற்றி வாய்விட்டுக் கேள்; தானாக அவன் சொல்ல மாட்டான்.

திருவிருந்தைத் தவறவிடாதே. நாம் நினைவுகூரும்படி ஆண்டவர் விட்டுப்போனது அவர் பெற்ற வெற்றிகளின் பட்டியலை அன்று. பிட்கப்பட்ட சரீரத்தையும் சிந்தப்பட்ட இரத்தத்தையும்தான் விட்டுப்போனார். நம் சொந்த அனுபவங்கள் மங்கிப்போனாலும் அந்த ஒரு செயல் நிற்கும். ஜெபிக்க வார்த்தை வராத நாளிலும் கையை நீட்டி அதை வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. நீங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்ததை நினையுங்கள் என்று உபாகமத்தில் சொன்ன தேவன், அதனால் வயலில் மறந்து விட்ட அரிக்கட்டைப் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் விட்டுவிடுங்கள் என்றார். நினைவு நடத்தையில் தெரிய வேண்டும். உன்னோடு வேலை இழந்தவர்களில் சிலர் ஊரிலிருந்து வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அவர்களில் ஒருவனையாவது இந்த வாரம் சாப்பிடக் கூப்பிடு. நமக்குக் கிடைத்த உதவியை நினைக்கிறவன், அடுத்தவனுக்கு அந்த உதவியாக மாற வேண்டும்.

வேலைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதே. வாடகைக்குக் குறைந்தால் வெட்கப்படாமல் சொல்லு. இங்கே இருப்பதில் உனக்கும் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து ஆச்சிக்குப் போன் பண்ணு. நோட்டில் எழுதியவற்றில் ஒன்றையாவது அவளுக்கு வாசித்துக் காட்டு. உனக்காக அன்றாடம் ஜெபிக்கிற அவளுக்கு, எதற்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்பதும் தெரியட்டும்.

இதுவரை உன்னைச் சுமந்தவர் இனியும் சுமப்பார். உன்னை அவர் கையில் ஒப்புக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் தாத்தா