பத்து பப்ஸ், நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஐயம்பேட்டை. சாயங்காலம் நாலரை மணிக்குத் தறியை விட்டு எழுந்தால் டீயோடு கொறிக்க ஏதாவது வேண்டும். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் பல்புக்குக் கீழே அடுக்கியிருக்கும் வெஜ் பப்ஸ் ஒன்று 20 ரூபாய். வீட்டில் ஐந்து பேர். வாரத்தில் மூன்று நாள் வாங்கினாலே மாதக் கணக்கு கையைக் கடிக்கிறது. நான்கைந்து முறை கெடுத்து, அப்புறம் கை வந்த குறிப்புகள் இவை.

1. முதலில் கணக்கு. பத்து பப்ஸுக்கு மைதா கால் கிலோ (15 ரூபாய்), வெண்ணெய் 75 கிராம் (42), வனஸ்பதி 75 கிராம் (12), உருளைக்கிழங்கு கால் கிலோவோடு வெங்காயம், கேரட், பட்டாணி (25), மசாலாப் பொடி, எலுமிச்சை, பால் (8), மின்சாரம் (10). கூட்டினால் 112 ரூபாய். முழுக்க வெண்ணெய் என்றால் 142, முழுக்க வனஸ்பதி என்றால் 82. எங்கள் தெருக் கடை விலையில் போட்டது. உங்கள் ஊர் விலையை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

2. செலவு கொழுப்பில்தான். அதற்காக அதைக் குறைத்தால் பப்ஸ் வராது, சப்பாத்திதான் வரும். மாவின் எடையில் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. பாதி வெண்ணெய், பாதி வனஸ்பதி கலந்துகொள்வதே எனக்குச் சரிப்படுகிறது. வெண்ணெய் மணம் கொடுக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் உருகிவிடும். வனஸ்பதி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வனஸ்பதி என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பாக்கெட்டின் பின்புறம் பார்த்து வாங்குங்கள். சில்லறையாக அளந்து விற்பதை வாங்க வேண்டாம். உப்பு வெண்ணெய் வாங்கினால் மாவில் உப்பு போட வேண்டாம்.

3. விடியற்காலையில் செய்யுங்கள். நான் முதன்முதலில் செய்தது சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணிக்கு. தேய்க்கத் தேய்க்க மாவு பளபளவென்று மின்னியது. ஆகா, நன்றாக வருகிறது என்று நினைத்தேன். அது உள்ளே இருந்த வெண்ணெய் உருகி வெளியே வந்த பளபளப்பு. தட்டில் வெண்ணெய் குளம் கட்டி, பப்ஸ் அதிலேயே பொரிந்து பூரி மாதிரி ஆனது. இப்போது ஐந்தரை மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் மடிப்பு வேலையை முடித்துவிடுகிறேன். கடப்பைக் கல் மேடையின் மேல் ஐஸ் தட்டைப் பத்து நிமிஷம் வைத்து எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேய்த்தால் கல் குளுகுளுவென்று இருக்கும்.

4. மாவுக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஐஸ் தண்ணீர் சுமார் 125 மில்லி. சேர்த்துத் திரட்டினால் போதும். பரோட்டாவுக்குப் பிசைவது போல அடித்துப் பிசைய வேண்டாம். எலுமிச்சைச் சாறு மாவின் இழுவையைத் தணிக்கும். மூடி வைத்து அரை மணி ஃபிரிட்ஜில்.

5. கழுவிக் காயவைத்த பால் கவர்கள் இரண்டுக்கு நடுவில் வெண்ணெய்க் கலவையை வைத்துத் தட்டிச் சதுரப் பலகையாக்கி, குளிர வையுங்கள். பட்டர் பேப்பர் செலவு மிச்சம். விரலால் வளைத்தால் பலகை உடையாமல் வளைய வேண்டும். கல் போல இருந்தால் மாவைக் கிழிக்கும். குழைந்தால் மாவோடு கலந்துவிடும். மாவும் வெண்ணெயும் ஒரே பதத்தில் இருப்பதுதான் இதில் பாதி வேலை.

6. இனி மடிப்பு. மாவைச் சதுரமாகத் தேய்த்து, நடுவில் வெண்ணெய்ப் பலகையை வைத்து, நாலு மூலையையும் கவர் ஒட்டுவது போல மடித்து மூடுங்கள். அதை நீளவாக்கில் தேய்த்து மூன்றாக மடியுங்கள். கால் வட்டம் திருப்பி மறுபடி தேய்த்து மூன்றாக மடியுங்கள். நான் குழவியை அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த என் மாமியார், “ஏம்மா, ஜரிகைச் சேலையை இப்படித்தான் மடிப்பியா? மெதுவா, ஓரம் ஓரத்தோட சேரணும்” என்றார். அன்றைக்குத்தான் ஓரம் நேராக வந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் முன்னால் மேலே ஒட்டியிருக்கும் உதிரி மாவைத் துணியால் தட்டிவிட வேண்டும். இரண்டு மடிப்புக்கு ஒரு தடவை இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வையுங்கள்; ஓய்வு கொடுக்காமல் தேய்த்தால் ரப்பர் போலச் சுருங்கும். மூன்று, ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொன்று: நாலு மடிப்பில் வெண்ணெய் 81 அடுக்காகிவிடும். ஆறு மடித்தால் 729. வீட்டுக்கு நாலு போதும். அடுப்பில் மாவின் ஈரம் ஆவியாகி இந்த அடுக்குகளைத் தூக்குகிறது. ஈஸ்ட், சோடா எதுவும் வேண்டாம்.

7. தறி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும்: வெண்ணெய்க் கையோடு பாவுப் பக்கம் போகாதீர்கள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிய பிறகுதான் நாடாவைத் தொட வேண்டும். பட்டில் எண்ணெய்க் கறை பட்டால், மிச்சம் பிடித்த ரூபாயெல்லாம் ஒரே சேலையில் போய்விடும்.

8. மசாலா காய்ந்திருக்க வேண்டும், ஆறியிருக்க வேண்டும். கடையில் வாங்குகிற பப்ஸிலேயே பாதிக்கு அடிப்பக்கம் சொதசொதவென்று இருப்பது ஈர மசாலாவால்தான். உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போடாமல் இட்லித் தட்டில் ஆவியில் வேகவிடுங்கள். வெங்காயத்தை நன்றாக வதக்கி, கேரட், பட்டாணி, மிளகாய்த்தூள், கொஞ்சம் கரம் மசாலா, சோம்பு சேர்த்துச் சுருளக் கிளறுங்கள். கடைசியில் இரண்டு டீஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடி தூவினால் மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தக்காளி வேண்டவே வேண்டாம். முதல் நாள் ராத்திரியே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் பாதி வேலை குறையும்.

9. புரட்டாசியில் வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகளில் காஞ்சிபுரம் இட்லிக்குப் போடும் சாமான்களையே போடலாம்: மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை. உருளைக்கிழங்கோடு இது பிரமாதமாகச் சேர்கிறது. என்னைக் கேட்டால் பேக்கரி மசாலாவைவிட இதுதான் மேல்.

10. மடித்த மாவை 50 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்தால் பத்து சதுரம் கிடைக்கும். கூர்மையான கத்தியை நேராக இறக்கி வெட்டுங்கள். அறுத்தாலோ மொட்டைக் கத்தியால் நசுக்கினாலோ அடுக்குகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு எழும்பாது.

11. சதுரத்தில் மசாலாவை வைத்து மடித்து மூடிய பிறகு, முட்டைக்குப் பதில் பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கலந்து மேலே மட்டும் தடவுங்கள். வெட்டின பக்கவாட்டில் வழியக் கூடாது.

12. ஓவனை 220 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கிய பிறகே தட்டை உள்ளே வையுங்கள். 12 நிமிஷம் கழித்து 180க்குக் குறைத்து இன்னும் 15 நிமிஷம். முதல் கால் மணிக்குக் கதவைத் திறக்காதீர்கள். 1,500 வாட் ஓவனுக்கு இந்த மொத்த வேலைக்கும் ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகாது.

13. ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் செய்வதுண்டு. நானும் செய்து பார்த்தேன். வெந்துவிடும், ஆனால் மேலே நிறம் வராது, அடுக்கும் பாதிதான் எழும்பும். கேஸுக்கும் கேடு. அதற்கு அதே மசாலாவை வைத்துக் கார சோமாசி பொரித்துவிடலாம்.

14. வெட்டும்போது மிஞ்சும் ஓரத் துண்டுகளை உருட்டிப் பிசையாதீர்கள். செய்த மடிப்பெல்லாம் வீண். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்து, ஓமமும் உப்பும் தூவி விரல் நீளத்துக்கு வெட்டிச் சுட்டால் பிள்ளைகளுக்குக் காரக்குச்சி.

15. மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக எங்கள் ஊர் வழியாகப் பழையசீவரம் போவார். அன்றைக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். போகி அன்றே மசாலா வைத்து மூடிய பச்சைப் பப்ஸை, ஒன்றோடொன்று ஒட்டாமல் டப்பாவில் அடுக்கி ஃபிரீசரில் போட்டுவிடுவேன். எடுத்ததும் உருகவிடாமல் அப்படியே ஓவனில் வைத்து, ஐந்து நிமிஷம் கூடுதலாக விட வேண்டும். ஒரு மாதம் வரை கெடாது.

16. மிச்சம் இருப்பதை மைக்ரோவேவில் சுட வைத்தால் தோல் போல ஆகும். தோசைக்கல்லைக் குறைந்த தீயில் வைத்து, மூடி போட்டு நாலு நிமிஷம்.

17. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு, ஃபிரீசர் வசதியும் இல்லை என்றால் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பத்துக்குக் குறைவாகச் செய்தால் வீட்டு பப்ஸ் கட்டுப்படியாகாது.