கயிறு கைமாறிய பின்: குதிரை காப்போரின் கலை

திருவிழாக் காலங்களில் இறைவன் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் கோலத்தைக் கண்டு கைகூப்பாத அன்பர் இல்லை. மதுரையில் கள்ளழகர் தங்கக் குதிரை மீதமர்ந்து வைகையில் இறங்கும் காட்சியைக் காண இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். வாகனக் குதிரைக்குப் பசியில்லை, தாகமில்லை, நோயுமில்லை. உயிருள்ள குதிரையோ ஒரு நாள் கவனிப்புத் தவறினாலும் துன்புறும். அதற்கு உணவிட்டு, நோய் நீக்கி, பழக்கி, பிறர் ஏறுவதற்கு ஏற்றதாக்கும் மனிதர்களைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. அவர்களுடைய அறிவையும் உழைப்பையும் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கடந்து வந்த குதிரைகள்

தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் மேய்ச்சல் நிலமும் உயர்சாதிக் குதிரை வளர்ப்புக்கு ஏற்றவையல்ல. ஆகவே பழங்காலம் தொட்டே குதிரைகள் கடல் வழியாக வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிற்காலப் பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் வந்தன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வருந்தத்தக்க செய்தியைப் பதிவு செய்துள்ளார். அரசன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்குகிறான். ஆண்டு முடிவில் 100கூட உயிருடன் மிஞ்சுவதில்லை என்கிறார். குதிரை காக்கத் தெரிந்தவர் அங்கே இல்லாமையே காரணம் என்பது அவர் கருத்து. குதிரை விற்ற வணிகர்கள், விற்பனை குறைந்துவிடும் என்று, குதிரை மருத்துவம் அறிந்தவர்களை அங்கே வரவிடாமல் தடுத்தனர் என்றும் கூறுகிறார். இறைச்சியோடு சமைத்த சோறு குதிரைகளுக்கு உணவாயிற்று என்றும் எழுதுகிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதையொட்டியே எழுதியுள்ளார். வந்திறங்கிய குதிரையைக் கொழுக்க வைப்பதற்காக 40 நாள் லாயத்தில் கட்டிப் போட்டுவிட்டு, பிறகு முறையாகப் பழக்காமலே வீரர்கள் ஏறி விரட்டினர் என்பது அவர் கூற்று. இவர்கள் தரும் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும், குதிரைக்குப் பொன்னை வாரிக் கொடுத்த அரசு, அதைக் காக்கும் கலைக்கு அந்த அளவு கொடுக்கவில்லை என்ற உண்மை தெளிவாகத் தெரிகிறது. அக்குதிரைகள் அன்பில்லாமல் மடியவில்லை. அறிந்து காப்பாரில்லாமல் மடிந்தன.

மாணிக்கவாசகர் வரலாறும் இந்தக் குதிரை வாணிபத்தைப் பின்னணியாகக் கொண்டதே. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார்; அரசன் பொருள் திருப்பணிக்காயிற்று. அடியவருக்காக இறைவனே குதிரை வணிகனாக வந்தார். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலையுடன் ‘குதிரை கயிறு மாறிய லீலை’யும் நினைவுகூரப்படுகிறது. கயிறு மாறுதல் என்பது விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் குதிரையின் கயிறு செல்வதாகும். உடைமை அந்த நொடியில் மாறிவிடும். பொறுப்பும் அந்த நொடியில்தான் தொடங்குகிறது.

இதிகாசம் போற்றும் தொழில்

குதிரை காப்பதை இழிதொழிலாக நம் முன்னோர் கருதவில்லை என்பதற்குப் பாரதமே சான்று. பாரதப் போரின் 14ஆம் நாள் அருச்சுனனின் குதிரைகள் அம்பு பட்டுக் களைத்தன. போர்க்களத்தின் நடுவே கண்ணபிரான் அவற்றைத் தேரிலிருந்து அவிழ்த்து, அம்புகளைப் பிடுங்கி, உடலைத் தேய்த்துவிட்டு, நீரூட்டி, இளைப்பாற்றிய பின்னரே மீண்டும் பூட்டினார். கீதை உரைத்த திருவாய்க்கு உரியவரின் திருக்கைகள் செய்த பணி அது!

அஞ்ஞாத வாசத்தின்போது விராடன் அரண்மனையில் நகுலன் குதிரைக் காவலனாகப் பணிபுரிந்தான். அவன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் என்னும் நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது. நாடிழந்த நளன் வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக இருந்தபோது, நெடும்பயணத்துக்கு மெலிந்த குதிரைகளையே தேர்ந்தெடுத்தான். அரசன் ஐயுற்றான், நளனோ குதிரைகளின் குறிகளை அறிந்தே தேர்ந்ததாகக் கூறினான். ஒரே நாளில் விதர்ப்பம் சேர்ந்தான். தேரொலி கேட்டதும், அங்கு முன்பே விடப்பட்டிருந்த நளனின் பழைய குதிரைகள் மகிழ்ந்தன என்கிறது பாரதம். மனிதர் அவனை அடையாளம் காணும் முன்பே குதிரைகள் கண்டுகொண்டன.

காப்பவர் அறிந்திருக்க வேண்டியவை

குதிரையின் உடல் பெரியது. இரைப்பையோ சிறியது, சுமார் 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். மேலும் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. எனவே ஒரே வேளையில் நிறைய தானியம் கொடுத்தால் கடும் வயிற்றுவலி உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம்; குளம்பினுள் அழற்சியும் ஏற்படலாம். புல்லும் வைக்கோலும் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கிடைக்க வேண்டும். கொள்ளு முதலிய தானியங்களை அளவறிந்து, அது செய்யும் வேலைக்கேற்பவே கொடுக்க வேண்டும். உணவை மாற்றுவதானால் பல நாட்களில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

குளம்பு மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். ஆணி சற்று உள்ளே சென்றாலும் குதிரை நொண்டும். ஆகவே லாடம் அடிப்பவரின் கை மருத்துவரின் கை போன்றது.

நம் நாட்டு வெப்பத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. குளிர் நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இங்கு வியர்ப்பதே நின்றுவிடும். உடல் கொதித்து மூச்சு வாங்கும். நல்ல குதிரைக்காரர் காலையில் குதிரையைத் தொட்டுப் பார்த்தே இதை உணர்ந்துவிடுவார். மிச்சமிருக்கும் தீனி, சாணத்தின் தன்மை, காதின் அசைவு, ஒரு காலை ஊன்றத் தயங்கும் நிலை ஆகிய ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு செய்தி.

பழக்குதலும் ஏறுதலும்

குதிரை அஞ்சி ஓடிப் பிழைக்கும் இயல்புடையது. அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் காணும். ஆனால் நேர் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். ஆதலால் குரல் கொடுத்துக்கொண்டு தோள்பக்கமாக அணுக வேண்டும். பழக்குவோரின் அடிப்படை விதி எளியது: கயிற்றையோ கடிவாளத்தையோ மெல்ல இழுத்து ஒன்றைக் கேட்க வேண்டும், குதிரை இணங்கிய அந்த நொடியே தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வே அதற்குப் பரிசு. காலம் தாழ்த்தித் தளர்த்தினால் அது எதையும் கற்காது. ஓயாமல் இழுத்தால் வாய் மரத்துப் போகும். சினம் கொண்டவரால் இக்கலையைப் பயில இயலாது.

நம் மண்ணில்

சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயர், 1843இல் ஃபேரர் பார்க் பகுதியில் தொடங்கிய குதிரைப் பந்தயத்தின் நினைவாகும். பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு சிங்கப்பூரில் பந்தயம் முடிவுற்றது. சூதாட்டத்தைப் போற்றுவது நம் கருத்தன்று. ஆனால் விடியுமுன் எழுந்து லாயம் கூட்டி, குதிரை தேய்த்து வாழ்ந்த ‘சைஸ்’ எனப்படும் குதிரைக்காரர்களை நாம் மறத்தலாகாது. இந்தியரும் பவேயன் தீவினரும் இத்தொழிலில் பல தலைமுறை உழைத்தனர். வென்ற குதிரையின் பெயர் ஏட்டில் நின்றது. அவர்கள் பெயர் நிற்கவில்லை.

இக்கலை வேறொரு நற்பணிக்கும் பயன்படுகிறது. சிங்கப்பூரில் 1982இல் தொடங்கப்பட்ட உடற்குறையுற்றோர் குதிரையேற்றச் சங்கம் இலவசமாகக் குதிரையேற்றச் சிகிச்சை அளிக்கும் அறநிறுவனம். குதிரையின் நடை, மேலிருப்பவரின் இடுப்பை மனித நடையைப் போலவே அசைக்கிறது. நடக்க இயலாத குழந்தையின் உடல் அதனால் நிலைகொள்ளப் பழகுகிறது. ஒருவர் கயிறு பிடித்து முன்செல்ல, தேவைக்கேற்ப இருபுறமும் இருவர் துணை நடப்பது இச்சிகிச்சையின் வழக்கம்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

கொடுப்பது புண்ணியம் என்பதை நாம் அறிவோம். பசுவைத் தானம் செய்கிறோம், வாகனம் செய்து தருகிறோம், கட்டடம் எழுப்புகிறோம். பாண்டியனும் குறைவின்றிப் பொன் கொடுத்தான். ஆனால் கயிறு கைமாறிய பின் அதைப் பிடித்திருப்பவர் யார், அவருக்கு அத்தொழில் தெரியுமா, அவர் குடும்பம் நடத்தப் போதிய ஊதியம் கிடைக்கிறதா, அவருக்குப் பின் கற்றுக்கொள்வார் உண்டா என்று கேட்பதும் கொடையின் ஒரு பகுதியே. பொருளைக் கொடுக்கும்போது அதைக் காக்கும் கைக்கும் சேர்த்துக் கொடுப்போமாக. குதிரைகளுக்கு நீரூட்டிய பார்த்தசாரதியின் திருவருள், வாயில்லா உயிர்களைக் காக்கும் அனைவருக்கும் துணை நிற்பதாக!